எதிர்வாதியும் தொடக்க மாணாக்கரும்: தமிழில் மெய்யியற் பயிற்சியின் வரலாறு பற்றிச் சில குறிப்புக்கள்

மெய்யியலின் வரலாறு பெரும்பாலும் பேராசான்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு தத்துவம் எவ்வாறு தோன்றியது, எவருடன் முரண்பட்டது, எங்ஙனம் வளர்ந்தது என்பன ஆராயப்படும் அளவுக்கு, அத்தத்துவத்தை முதன்முதலாகக் கற்க வந்தவனுக்கு அது எவ்வாறு சொல்லப்பட்டது என்பது ஆராயப்படவில்லை. தொடக்க நூல்கள் ஆழமற்றவை, ஆதலின் ஆய்வுக்குரியன அல்ல என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஆயினும் ஒரு சமுதாயத்தின் கருத்துநிலை மிகவும் வெளிப்படையாகத் தெரியுமிடம் அதன் தொடக்கநிலைக் கல்வியே. எதனை முதலிற் கூறுவது, எதனைக் கூறாது விடுவது, கற்க வருவோருள் எவரை உள்ளே விடுவது ஆகிய தீர்மானங்கள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. தமிழில் மெய்யியலைத் தொடக்க மாணாக்கருக்கு அறிமுகஞ் செய்த நூல்கள் சிலவற்றை இந்நோக்கில் இக்கட்டுரையில் அணுக முயல்கின்றோம். குறிப்பாக, அந்நூல்களில் எதிர்வாதிக்கு, அதாவது நூலாசிரியன் ஏற்காத கொள்கையைப் பேசுவோனுக்கு, எத்தகைய இடம் அளிக்கப்பட்டது என்பதே நமது வினா.

மணிமேகலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அதன் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள, கி. பி. 6 ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார் பலர். காப்பியத்தின் 27 ஆம் காதை, வஞ்சி நகரில் மணிமேகலை பல்வேறு சமயக் கணக்கரை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்பதைக் கூறுகிறது. அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பதின்மர் வரிசையாகப் பேசுகின்றனர். இலக்கிய விமரிசகர் சிலர் இப்பகுதியைக் காப்பியச் சுவைக்கு இடையூறு என ஒதுக்கியுள்ளனர். காப்பியச் சுவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அக்கூற்று சரியே. ஆனால் தமிழிற் கிடைக்கும் மெய்யியல் அறிமுகங்களுள் மிகப் பழையது இதுவே என்பதும், அது ஓர் இளம்பெண் கற்பதாக அமைக்கப்பட்டது என்பதும் வேறுவகையான கவனத்தை வேண்டி நிற்பன.

கற்க வருபவள் யார் என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. மணிமேகலை கணிகையர் குலத்தவள், மாதவியின் மகள். இளம்பெண்ணாகிய இவளுக்குச் சமயவாதிகள் எவரும் தம் கொள்கையின் உட்பொருளைக் கூறமாட்டார் என்று மணிமேகலா தெய்வமே எச்சரித்து, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அவளுக்கு அளிக்கிறது. அவ்வாறே அவள் ஆண் துறவியின் உருவில்தான் அப்பதின்மரையும் அணுகுகிறாள். மந்திரத்தைக் கவிஞரின் கற்பனை என ஒதுக்கிவிடலாம். மந்திரம் தேவைப்பட்ட நிலைமை கற்பனையன்று. மெய்யியற் கல்வி பாலினாலும் குலத்தினாலும் வேலியிடப்பட்டிருந்தது என்பதைக் காப்பியம் தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது. பின்னர் காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் தன் சொந்த உருவிற் கற்கிறாள். மாற்றுருவிற் கேட்ட கொள்கைகளை மனத்திற் கொள்ளவில்லை என்றும் அவரிடம் கூறுகிறாள். பௌத்தம் பெண்ணுக்குத் திறந்திருந்தது என்பதை இதனினும் திறம்படப் பிரசாரஞ் செய்ய இயலாது.

சாத்தனார் பக்கஞ் சாராதவர் அல்லர். அளவைவாதியும் ஆசீவகனும் வைசேடிகனும் விரிவாகப் பேச, பிரமவாதியும் வைணவவாதியும் ஓரிரு வசனங்களில் முடித்து அனுப்பப்படுகின்றனர். எனினும் பேசுவோர் தம் சொற்களிலேயே பேசுகின்றனர். இடையிடையே மறுப்புரை புகுத்தப்படவில்லை. ஆசீவகனின் கூற்றிலே தடுமாற்றங் கண்டு அவள் விலகிச் செல்வது போன்ற சிறு குறிப்புக்களைத் தவிர, பெரும்பாலும் கேட்பதும் அடுத்தவரிடம் செல்வதுமே நிகழ்கின்றன. அவள் நேர்நின்று வாதிடுவது இறுதியில் வரும் பூதவாதியுடன் மட்டுமே.

இப்பூதவாதியின் கூற்று நமக்குப் பெரிதும் முக்கியமானது. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்துவைக்க, அவற்றுள் எதிலுந் தனித்து இல்லாத களிப்புத் தோன்றுவது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றும் என்கிறான் அவன். பூதங்கள் பிரிய, பறையின் ஓசை அடங்குவது போல அவ்வுணர்வும் அழியும். காட்சி ஒன்றே அளவை, கருதலளவை விடத்தக்கது. மறுபிறப்பில் வினைப்பயன் நுகர்தல் என்பது பொய். சில அடிகளே கொண்ட இக்கூற்றில் ஒரு முழுமையான பொருள்முதல்வாத நிலைப்பாடு அடங்கியுள்ளது. சேர்க்கையினாற் புதிய பண்பு தோன்றும் என்னும் கருத்து அன்றாட உற்பத்தித் தொழிலொன்றிலிருந்து, கள் வடிப்போரின் அனுபவத்திலிருந்து, பெறப்பட்டது என்பதையும் கவனித்தல் வேண்டும். மணிமேகலை நகைத்து விடுக்கும் வினா ஒன்றுதான்: நின் தாய் தந்தையர் இன்னார் என்பதைக் கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய்?

கூர்மையான வினா. காட்சியை மட்டும் ஏற்று அனுமானத்தை முற்றாக மறுக்கும் எவரும் இதற்கு விடையிறுத்தல் அரிது. ஆனால் உலகாயதர் அனைவரும் அனுமானத்தை முற்றாக மறுத்தனரா? 8 ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியர் கமலசீலர், தத்துவ சங்கிரகத்துக்கு எழுதிய உரையில், புரந்தரர் என்னும் உலகாயத ஆசிரியரின் கருத்தொன்றைத் தருகிறார். உலகியலிற் பயிலும் அனுமானத்தை உலகாயதர் ஏற்பர். உலகைக் கடந்த பொருள்களுக்கு அதனை நீட்டுவதையே மறுப்பர் என்பது அதன் சாரம். இதன்படி நோக்கினால், பெற்றோரை அனுமானத்தால் அறிவதில் உலகாயதனுக்கு எவ்விடர்ப்பாடும் இல்லை. தொடக்க நூல்களில் நாம் சந்திக்கும் பூதவாதி, எளிதில் வீழ்த்தத்தக்க வகையில் மெலிவிக்கப்பட்டவன் என்று கொள்ள இடமுண்டு.

இங்கு ஒரு முரணைச் சுட்டுதல் அவசியம். உலகாயதரின் மூல நூல்கள் நமக்குக் கிடைத்தில. 1940 இல் பரோடாவில் அச்சேறிய சயராசியின் தத்துவோபப்பிலவ சிம்மத்தை உலகாயத நூல் என்பாருளர். ஆயின் அது எல்லா அளவைகளையும் ஐயுறும் நூலேயன்றிப் பொருள்முதல்வாதத்தை நிறுவும் நூலன்று. தேவிபிரசாத் சட்டோபாத்தியாயா 1959 இல் வெளியிட்ட தமது பேராய்வில் உலகாயதத்தை மீட்டெடுக்கப் பயன்படுத்திய சான்றுகளுட் பெரும்பாலானவை அதன் பகைவர் எழுதிவைத்தவையே. மறுப்பதற்காகவேனும் மாணாக்கன் முன் எதிர்வாதியை நிறுத்தியாக வேண்டும் என்னும் கல்வி மரபு இருந்தமையாலேயே, வீழ்த்தப்பட்டவனின் குரல் சிதைந்த வடிவிலேனும் எஞ்சியது. அம்மரபு இல்லாதிருப்பின் மணிமேகலையின் பூதவாதியும், நீலகேசியின் இறுதிச் சருக்கத்துப் பூதவாதியும், சிவஞான சித்தியாரின் உலகாயதனும் நமக்குக் கிடைத்திரார்.

பதின்மரையுங் கேட்டு முடித்த பின்னரே அறவண அடிகளின் பாடம் வருகிறது. அப்பாடமும் பௌத்தக் கோட்பாட்டுடன் தொடங்கவில்லை. 29 ஆம் காதையில் முதலில் அளவையியல் கற்பிக்கப்படுகிறது. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். மலையையும் நெருப்பையும் பற்றிய வாதத்துக்கு அடுக்களை சான்றாகிறது. தொடர்ந்து பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 ஆக 33 போலிகள் ஒவ்வொன்றும் எடுத்துக்காட்டுடன் விளக்கப்படுகின்றன. இது சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசத்துடன் நெருங்கி ஒத்துச்செல்வது. அந்நூலின் பெயரே அளவையியலுக்குள் நுழைதல் என்று பொருள்படும். அதுவும் ஒரு தொடக்க நூலே. 647 இல் சுவான்சாங் அதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். காப்பியம் இந்நூலைப் பின்பற்றியதா, அதற்கு முந்திய மரபைச் சார்ந்ததா என்பது பற்றிக் குப்புசாமி சாஸ்திரியாரும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் மாறுபட்டனர். அவ்விவாதத்துள் நாம் புகவேண்டுவதில்லை. தத்துவத்தின் முடிபுகளைக் கூறுமுன் பிழையான வாதத்தை இனங்காணும் பயிற்சி மாணாக்கிக்கு அளிக்கப்பட்டது என்பதே நமக்கு வேண்டுவது. இன்றும் இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர் இப்பாடத்தை ‘அளவையியல்’ என்ற பெயரிலேயே கற்கின்றனர். ஆனால் அப்பெயரின் வரலாறு அவர்களுக்குக் கூறப்படுகிறதா என்பது ஐயமே.

இக்காப்பியம் நவீன காலத்திலும் ஒருவரைத் தொடக்க மாணாக்கராக்கியது. 1898 இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பௌத்தத்தில் முன்பயிற்சி இல்லாதவர். பௌத்தம் தமிழகத்தில் வழக்கொழிந்தமையால், கேட்டறிதற்குத் தமிழாசிரியர் எவரும் இலர். கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, ஐயர் கற்றுக்கொண்டார். பதிப்புடன் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியன பற்றித் தாமே எழுதிச் சேர்த்தார். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர் புறச்சமய நூலொன்றைப் பிழையறப் பதிப்பிக்கும் பொருட்டு அச்சமயத்தின் அரிச்சுவடியைக் கற்ற நிகழ்ச்சி, தமிழில் மெய்யியற் கல்வி வரலாற்றிற் குறிக்கப்படவேண்டிய ஒன்று.

எதிர்வாதியைக் கேட்டுக் கற்கும் இம்முறை எத்தகைய சமுதாயச் சூழலுக்குரியது? பட்டினப்பாலை, ஆசிரியர் வாதுக்கு அறைகூவி உயர்த்திய கொடிகளைத் துறைமுக நகரின் ஏனைய கொடிகளோடு சேர்த்துக் கூறுகிறது. மணிமேகலையின் முதற் காதையில் இந்திர விழாவை அறிவிப்போன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் ஏறுமாறு அழைக்கிறான். வணிக நகரம், பல மொழி பேசுவோரின் கூட்டம், பல சமயங்களுக்கும் கொடையளித்த வணிகர் என்னும் சூழலில், எந்த ஒரு சமயமும் அரசின் முழு ஆதரவுடன் ஏனையவற்றை அடக்கிவிடாத கட்டத்தில், மாணாக்கரைப் பெறுவதற்கு வாதம் ஒரு வழியாயிற்று. இதனை இலட்சியப்படுத்தல் ஆகாது. வாதங்கள் கொடைக்கும் செல்வாக்குக்குமான போட்டியாகவும் இருந்தன. வேளாண்மையிலும் கைத்தொழிலிலும் உழைத்தோர் பட்டிமண்டபம் ஏறியதாகத் தெரியவில்லை. குண்டலகேசியும் நீலகேசியும் வாதிடும் பெண்களையே தலைவியராகக் கொண்டவை என்பது உண்மை. அவர்கள் காப்பியத் தலைவியர் என்பதும் உண்மை.

13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது நிலைமை பெரிதும் மாறியிருந்தது. சோழப் பேரரசின் வளர்ச்சிக்கும் சைவ சித்தாந்தம் ஒரு பெருந்தத்துவமாக ஒழுங்குற்றமைக்கும் இடையேயுள்ள தொடர்பைப் பேராசிரியர் க. கைலாசபதி ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்ற கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். நமது வினாவுக்கு இயைபானது நூலின் அமைப்பு. அது பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளையுடையது. பரபக்கம் 14 எதிர்வாதிகளின் கொள்கையைக் கூறி மறுக்கிறது. மணிமேகலையில் இறுதியில் நின்ற பூதவாதியின் இடத்தை, இங்கே உலகாயதன் முதலிற் பெறுகிறான். இது மதிப்பினால் வந்த முதன்மையன்று. அகம், அகப்புறம், புறம், புறப்புறம் எனச் சமயங்களை வகுத்த சைவ மரபில் உலகாயதன் மிகத் தொலைவிலுள்ள புறப்புறத்தான். 14 ஆம் நூற்றாண்டில் விசயநகரச் சூழலில் எழுந்த மாதவரின் சர்வதரிசன சங்கிரகமும் சார்வாகனையே முதற்படியாக்கி, 16 தரிசனங்களை அடுக்கி, அத்துவைதத்தில் முடிகிறது. வஞ்சியின் சமயவாதிகள் ஒரு தெருவில் அருகருகே நின்றனர் என்றால், இங்கு அவர்கள் ஓர் ஏணியின் படிகளாயினர். கீழ்ப்படியில் மிதித்து மேலேறுவதே மாணாக்கனின் கடன். நிலவுடைமைச் சமுதாயத்தின் படிநிலை அமைப்பு அப்படியே நூலமைப்பாயிற்று என்று கூறினால் அது எளிமைப்படுத்தலாகும். எனினும் எல்லாவற்றையும் மேல்கீழாக அடுக்கிக் காணும் மனப்பழக்கம் அச்சமுதாயத்துக்கு இயல்பாய் வந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அருணந்தியார் எதிர்வாதிகளைக் கற்றவர். அவர்களது வாதங்களை வகுத்துரைக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. அவருக்குப் பின்வந்தோரிடத்து அப்பொறுமை குன்றியது. இதற்குரிய சான்று உரை வரலாற்றிலேயே உள்ளது. சுபக்கத்துக்கு ‘அறுவர் உரை’ எனப் பெயர்பெறும் அளவுக்கு உரைகள் எழுந்தன. அவ்வறுவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். பரபக்கத்துக்கோ தத்துவப்பிரகாசர், வேலப்ப பண்டாரம் ஆகியோரின் உரைகளே பேசப்படுகின்றன. சிவஞான முனிவர் போன்ற வாதத் திறன் வாய்ந்தவரும் சுபக்கத்துக்கே உரையெழுதினார். மடங்களின் பாதுகாப்பிற் கல்வி நிலைபெற்ற பின், நேரில் வந்து வாதிடும் பௌத்தனும் ஆசீவகனும் இல்லாதபோது, பரபக்கம் கற்பதற்குரிய தேவையும் அருகிற்று எனக் கொள்ளலாம். சந்தான குரவர் நால்வரிலும் பெண் எவரும் இலர் என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குக.

18 ஆம் நூற்றாண்டில் அதே சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். செறிவான, பயனுள்ள கைந்நூல் அது. பொருள்களின் வகையும் அளவைகளின் இலக்கணமும் வரையறையாக வரும். யாருடன் முரண்பட்டு அவ்வரையறைகள் பிறந்தன என்பது தொடக்க மாணாக்கனுக்குத் தெரியாது.

19 ஆம் நூற்றாண்டில் அச்சியந்திரமும் மிசனரிக் கல்வியும் புதியதொரு வடிவத்தைக் கொணர்ந்தன. 1823 இல் தொடங்கி 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் ஐரோப்பிய அளவையியலும் மனத்தத்துவமும் கற்பிக்கப்பட்டன. அக்கல்வி மரபிலிருந்து வந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ‘நியாய இலக்கணம்’ என்ற தமிழ் நூலை எழுதினார். மேலைத்தேய அளவையியலைத் தமிழில் ஒரு தொடக்க மாணாக்கன் கற்கலாம் என்று காட்டிய அம்முயற்சி தக்கவாறு தொடரப்பட்டிருந்தால், பின்னாளிற் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் மெய்யியல் கற்பிக்க முனைந்தோர் கலைச்சொற்களுக்கு அவ்வளவு இடர்ப்பட்டிரார். மக்களிடையே பரவியதோ வினாவிடை வடிவம். ஆறுமுக நாவலர் மிசனரிகளின் ஆயுதத்தையே கைக்கொண்டு சைவ வினாவிடைகளை வெளியிட்டார். கல்வியைப் பரந்த வட்டத்துக்குக் கொண்டுசென்ற அதன் பணியை மறுப்பதற்கில்லை. ஆனால் வினாவிடையில் வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. எதிர்வாதி என ஒருவன் அங்கு இல்லை. நாவலர் கண்டனப் பிரசுரங்களில் எதிர்வாதிகளுடன் ஓயாது மோதியவர் என்பதை நினைக்கும்போது இது வியப்பளிக்கும். வாதம் வளர்ந்தோருக்கு, வினாவிடை பிள்ளைகளுக்கு என்ற பாகுபாடு அவருக்கு இயல்பாய்த் தோன்றியிருக்க வேண்டும்.

இதுவரை கூறியவற்றை ஏற்கும் முற்போக்கு வாசகர், தமது வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்தல் நன்று. மார்க்சிய மெய்யியலின் தொடக்க நூல்களும் இதே வழியிற் சென்றன. எங்கெல்சின் டூரிங்குக்கு மறுப்பு 1878 இல் நூலாயிற்று. பெயரே கூறுவது போல அது ஓர் எதிர்வாதியை முன்னிறுத்திய நூல். டூரிங்கின் கூற்றை எடுத்துரைத்து, அதனுடன் பொருதி, அப்பொருதலினூடே தம் கொள்கையை எங்கெல்ஸ் விளக்கினார். 1880 இல் லபார்க்கின் வேண்டுகோளுக்கிணங்க அதன் மூன்று அத்தியாயங்கள் சிறு நூலாகப் பிரிக்கப்பட்டன. கற்பனாவாத சோசலிசமும் விஞ்ஞான சோசலிசமும் என நாம் அறியும் அப்பிரசுரம் தொழிலாளரிடையே பெற்ற செல்வாக்கு மூலநூல் பெற்றதனினும் பெரிது. அதிலே டூரிங் மறைந்துவிட்டார். எங்கெல்சின் கையில் இது இழப்பாகத் தோன்றவில்லை; கற்பனாவாத சோசலிசரை அவர் மதிப்புடன் நடத்தினார். 1938 இல் சோவியத் கட்சி வரலாற்றுப் பாடநூலுக்கு ஸ்டாலின் எழுதிய இயங்கியல் பற்றிய பகுதியிலோ, இயங்கியலுக்கு நான்கு கூறுகள், பொருள்முதல்வாதத்துக்கு மூன்று கூறுகள் என எண்ணிட்ட முடிபுகள் உள. கருத்துமுதல்வாதி ஒவ்வொரு கூற்றிலும் ‘இதற்கு மாறாகக் கருதுபவன்’ என்று குறிக்கப்படுகிறான். ஏன் அவ்வாறு கருதினான் என்பது கூறப்படுவதில்லை. மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த கைந்நூல்களுட் பல இவ்வடிவத்தை ஒட்டியவை. குறைந்த விலையில் அவை செய்த பணி பெரிது. எனினும் அவற்றில் மட்டும் பயின்றோர் சைவ சித்தாந்தியொருவரின் சற்காரியவாதத்தை எதிர்கொண்டபோது பேச்சற்று நின்றதை நாம் பல கருத்தரங்குகளிற் கண்டுள்ளோம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு மார்க்சியத்துள்ளேயே இருக்கிறது. 1932 இல் பாரிசில் தொழிலாளர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கு 1935-36 இல் தொழிலாளருக்கு மெய்யியல் கற்பித்தவர் ஹங்கேரியிற் பிறந்த ஜோர்ஜ் பொலிற்சர். பொருள்முதல்வாதத்தை விளக்குமுன், பாதிரியார் பெர்க்லியின் கருத்துமுதல்வாதத்தை அவர் எடுத்துக்கொண்டார். நிறம், சூடு, கடினம் யாவும் நம் உணர்வில் உள்ளவையே, ஆதலின் பொருளும் உணர்வில் உள்ளதே என்னும் அவ்வாதத்தை அதன் வலிமை தெரியுமாறு கூறி, பின்னர் அதனை ஆராய்ந்தார். பாடங்களை அடுத்துப் பயிற்சி வினாக்கள் இருந்தன. பகலெல்லாம் உழைத்து மாலையில் வருவோர் பெர்க்லியைப் புரிந்துகொள்ளமாட்டார் என்று அவர் கருதவில்லை. நாற்சிகள் பிரான்சைக் கைப்பற்றியபோது அவர் தலைமறைவு ஏடுகளை நடத்தினார். ரோசன்பேர்க்கின் இனவாதச் சொற்பொழிவுக்கு 1941 இல் இரகசியப் பிரசுரமாக மறுப்பெழுதினார். 1942 பெப்ரவரியிற் கைதாகி, மே 23 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது பாடங்கள் மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புக்களிலிருந்து 1946 இல் நூலாயின. நூலின் சில பகுதிகள் இன்று மிகையான எளிமையுடையனவாகத் தோன்றுகின்றன. அதன் அமைப்பு அவ்வாறு பழையதாகவில்லை.

தமிழில் மெய்யியல் கற்கத் தொடங்குவோருக்கு இத்தகைய தொகுப்பொன்றை ஆக்குவது கடினமன்று. மணிமேகலையின் 27 ஆம், 29 ஆம் காதைகள், நீலகேசியின் பூதவாதச் சருக்கம், பரபக்கத்தின் உலகாயதப் பகுதி, கமலசீலர் காட்டும் புரந்தரரின் கருத்து ஆகியவற்றைத் தெளிந்த உரைநடை விளக்கத்துடன் அருகருகே வைத்தல் வேண்டும். பெர்க்லியின் உரையாடல்களிலிருந்து ஒரு பகுதியும் சேரலாம். முதற் பயிற்சி வினாவாக, தாய் தந்தையரைப் பற்றி மணிமேகலை கேட்டதையே வைத்து, அப்பூதவாதியின் இடத்திற் புரந்தரர் நின்றிருப்பின் என்ன விடை கூறியிருப்பார் என்று வினவலாம்.